1966 என்ற எல்லைக்கோடு: ஹெக்ஸாமெத்தோனியம் ஆய்வில் நேர்ந்த மரணமும் மருத்துவ இன்டெக்ஸும்

நிகழ்வு

2001 ஜூன் 2ஆம் தேதி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 24 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். அவருக்கு எந்த நோயும் கிடையாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்துமா, ஒவ்வாமை மையத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவர், அங்கேயே நடந்த ஓர் ஆய்வில் ஆரோக்கியமான தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருந்தார். ஆய்வின் ஒரு கட்டமாக ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை ஆவியாக உள்ளிழுத்தார். அதற்கு ஒரு மாதம் கழித்து நுரையீரல் முற்றிலும் செயலிழந்து உயிர் போனது.

இந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்று 1950களிலேயே மருத்துவ இதழ்கள் எழுதியிருந்தன. யாருக்கும் தெரியாத இதழ்கள் அல்ல, பெரிய நூலகம் எதிலும் அலமாரியில் நிற்கக்கூடியவை. ஆய்வைத் திட்டமிட்டவர் தேடவும் செய்தார். தேடியும் கிடைக்காமல் போனது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். மருத்துவ ஆய்வுகளில் உயிரிழப்புக்குப் பல காரணங்கள் சேர்ந்துகொள்ளும், இதிலும் அப்படித்தான். ஆனால் இலக்கியத் தேடல், அதாவது முன்பு வெளியான மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் பார்ப்பது, என்ற ஒரு கண்ணியை இவ்வளவு வெளிச்சத்தில் பார்க்க வைத்த நிகழ்வு வேறொன்று எனக்குத் தெரியாது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் செய்திகளில் வந்தவைதான் என்றாலும் இங்கே தேவைப்படவில்லை.

பின்னணி: கேள்வியும் மருந்தும்

ஆரோக்கியமானவர்கள் ஆழமாக ஒரு மூச்சை இழுத்துவிட்டால் சுருங்கிய மூச்சுக்குழாய்கள் சற்று விரிந்துகொடுக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு சரியாக வேலை செய்வதில்லை. ஆரோக்கியமானவர்களிடம் இது நரம்பு வழியாக நடக்கிறதா என்பதுதான் ஆய்வாளரின் கேள்வி. நரம்பு முடிச்சுகளில் சமிக்ஞையைத் தடுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, மெத்தாகோலின் கொண்டு மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்து, பிறகு ஆழ்மூச்சு உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல கேள்விதான். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் நிதி கொடுத்த ஆய்வு. தன்னார்வலர்களுக்கு, எல்லாக் கட்டங்களையும் முடித்தால், அதிகபட்சம் 365 டாலர்.

தடுக்கும் மருந்தாகத் தேர்ந்தெடுத்தது ஹெக்ஸாமெத்தோனியம். 1940களின் இறுதியில் லண்டனில் ஆராயப்பட்ட மெத்தோனியம் குடும்பத்தைச் சேர்ந்தது. கார்பன் சங்கிலியின் நீளத்தை வைத்து 'சி6' என்றும் அழைத்தார்கள். 1950களில் கடுமையான ரத்த அழுத்தத்துக்கு இது பெரிய வரவு. அதற்கு முன்னால் அந்த நோய்க்குக் கொடுக்க உருப்படியாக அதிகம் இருக்கவில்லை. ஆனால் எழுந்து நின்றால் தலைசுற்றும், மலம் கட்டிக்கொள்ளும், பார்வை மங்கும். இவ்வளவு தொல்லை இல்லாத மருந்துகள் வந்ததும் டாக்டர்கள் இதைக் கைவிட்டார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1972இல் அனுமதியையும் விலக்கிக்கொண்டது. உள்ளிழுக்கும் வடிவில் இதற்கு எந்தக் காலத்திலும் அனுமதி இருந்ததில்லை. எனவே ஆய்வுக்குத் தேவையானதை ரசாயனப் பொருள் விற்கும் நிறுவனத்திடம் வாங்கினார்கள்.

மருந்துக்கடையிலிருந்து மறைந்தாலும் ஆய்வகத்தில் இந்த மருந்து மறையவில்லை. நரம்பு முடிச்சைத் தடுத்துப் பார்க்க விலங்கு ஆய்வுகளில் இன்றும் பயன்படுகிறது. இது தேடலுக்குப் பெரிய தொல்லை: பெயரை மட்டும் தட்டினால் எலி, பூனை, நாய், தவளை என்று ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்து விழும். மனிதர்களைப் பற்றிய பழைய எச்சரிக்கைகள் அந்தக் குவியலில் கிடைக்காது. அவை வேறொரு காலத்தில் இருந்தன.

இன்டெக்ஸ் அன்று எந்த நிலையில் இருந்தது

ஒரு மருத்துவக் கட்டுரை அச்சாவதும் அது கண்டுபிடிக்கப்படுவதும் இரண்டு வேறு காரியங்கள். இரண்டாவதைச் செய்வதற்கென்றே 1879இல் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் 'இன்டெக்ஸ் மெடிகஸ்' என்ற மாத வெளியீட்டைத் தொடங்கினார். அந்த மாதம் உலகில் வந்த மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பட்டியல் போட்டுத் தருவது அதன் வேலை. இடையில் நின்றும், வேறு பெயர்களில் வந்தும், அச்சில் 2004 வரை ஓடியது. அந்த வேலையின் இன்றைய உரிமையாளர், மேரிலேண்டின் பெதஸ்டாவில் இருக்கும் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம்.

அந்த நூலகம் 1960இல் 'மெஷ்' என்ற தலைப்புச்சொல் தொகுப்பை வெளியிட்டது. என் கணக்கில் கணினியைவிட இதுதான் பெரிய மாற்றம். ஒரு கட்டுரை எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும், படித்துப் பார்த்த இன்டெக்ஸர் அதற்கு ஒரே தலைப்புச்சொல்லை ஒட்டுவார். ஒருவர் 'ஹார்ட் அட்டாக்' என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்பார். இரண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேரும். தலைப்புச்சொற்கள் கிளைகிளையாக அடுக்கப்பட்டிருக்கும். மேலே இருக்கும் பொதுவான சொல்லைக் கேட்டால் கீழே இருக்கும் எல்லாமும் சேர்ந்து வரும். கூடவே 'தீய விளைவுகள்', 'சிகிச்சைப் பயன்பாடு', 'நச்சுத்தன்மை' என்று துணைச்சொற்களும் உண்டு. ஒரு மருந்தின் பெயரோடு 'தீய விளைவுகள்' என்ற துணைச்சொல்லைக் கோத்துக் கேட்டால், தலைப்பில் அந்த வார்த்தையே இல்லாத கட்டுரையும் அகப்படும். இன்டெக்ஸரின் சம்பளம் இதற்குத்தான்.

1964இல் இந்த வேலை கணினிக்கு மாறியது. 1971இல் மெட்லைன் என்ற பெயரில் தொலைத்தொடர்பு வழியாகத் தேடும் வசதி வந்தது. 1996இல் மெட்லைனை இணையத்தில் தேடித் தரும் பப்மெட் சோதனையாகத் தொடங்கி 1997இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. முன்பெல்லாம் தேடல் நூலகரின் வேலை; இணைப்பு நேரத்துக்குக் காசு, கட்டளைகள் தெரிந்திருக்க வேண்டும், கேள்வியை முதலில் தாளில் எழுதித் தயார்செய்வார்கள். பப்மெட் வந்ததும் எந்த டாக்டரும் தன் மேசையிலிருந்து தேடலாம் என்றாயிற்று. நல்லதுதான். ஆனால் தேடத் தெரிந்த ஒருவர் பக்கத்திலிருந்து நகர்ந்துவிட்டார்.

2001இல் பப்மெட்டில் தேடினால் வருபவை 1966ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும் பதிவுகள். அதற்கு முந்தைய சில ஆண்டுகளின் பதிவுகள் 'ஓல்ட்மெட்லைன்' என்ற தனித் தொகுப்பில் இருந்தன. பப்மெட்டின் பெட்டியில் தட்டினால் அவை வராது. 1950களுக்குப் போக வேண்டுமானால் அச்சு இன்டெக்ஸ்தான். கனத்த பைண்டு தொகுதிகள். ஒவ்வோர் ஆண்டாக இறக்கி, அந்த ஆண்டில் மருந்தை எந்தத் தலைப்பின் கீழ் வைத்தார்களோ அங்கே பார்த்து, குறித்துக்கொண்டு அடுத்ததை இறக்க வேண்டும்.

திரையில் இந்த எல்லை எங்கேயும் கண்ணில் அடிக்காது. 'இதற்கு முன்னாலும் கட்டுரைகள் உண்டு, அவை என்னிடம் இல்லை' என்று தேடல் பெட்டி சொல்வதில்லை. கேட்டதற்குக் கிடைத்ததைக் காட்டும், அவ்வளவுதான்.

ஆய்வாளர் தேடியதும் முடிவெடுத்ததும்

பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஆய்வுத் திட்டத்தைப் பார்த்தபோது, இந்த மருந்தை உள்ளிழுப்பது பாதுகாப்பானதா என்று கேட்டது. ஆய்வாளர் பப்மெட்டில் தேடியிருந்தார், நடப்பிலிருந்த பாடநூலையும் பார்த்திருந்தார். முன்பு சில ஆய்வுகளில் மொத்தம் 20 பேர் ஹெக்ஸாமெத்தோனியத்தை உள்ளிழுத்ததாகவும் தீங்கு எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றும் அவருக்குக் கிடைத்தது. அதைக் காட்டினார். குழு திருப்தியடைந்து அனுமதி கொடுத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 20 பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது கேட்க நிம்மதியாக இருக்கும். புள்ளியியலில் எல்லோருக்கும் தெரிந்த எளிய கணக்கு ஒன்று உண்டு: பார்த்தவர்களில் ஒருவருக்கும் நேராத தீங்கு, உண்மையில் அதிகபட்சம் எவ்வளவு இருக்கக்கூடும் என்பதற்கு மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 3/20 என்றால் 15 சதவீதம். அதாவது நூறு பேரில் 15 பேருக்கு நேரக்கூடிய ஆபத்தைக்கூட அந்த 20 பேர் விலக்கவில்லை. தேடலில் எதுவும் கிடைக்காததை ஆபத்து இல்லாததாக எடுத்துக்கொண்டார்கள்.

தன்னார்வலர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில், இந்த மருந்துக்கு இப்போது அனுமதி இல்லை, உள்ளிழுப்பது சோதனை முயற்சி என்ற விவரங்கள் இல்லை. இது தேடலோடு நேரடியாகச் சேர்ந்தது அல்ல. ஆனால் ஆபத்தைப் பற்றி எழுத எதுவும் கையில் இல்லாதபோது படிவம் இப்படித்தான் வெறுமையாகும்.

2001 ஏப்ரல் முதல் ஜூன் வரை

முதல் தன்னார்வலர் ஏப்ரல் இறுதியில் மருந்தை உள்ளிழுத்தார். ஓரிரு நாளில் வறட்டு இருமலும் மூச்சு வாங்குதலும் வந்தது. சில நாட்களில் சரியாகிவிட்டது. இதை நெறிமுறைக் குழுவுக்கு அப்போது தெரிவிக்கவில்லை. கரைசலின் அமிலத்தன்மை காரணமாக இருக்கலாம் என்று கருதி, அடுத்தவர்களுக்குச் சோடியம் பைகார்பனேட் சேர்த்தார்கள். அந்த மாற்றத்துக்கும் குழுவின் ஒப்புதல் வாங்கவில்லை. இரண்டாம் தன்னார்வலருக்கு எதுவும் ஆகவில்லை.

மூன்றாமவர் இந்தப் பெண். மே 4ஆம் தேதி சுமார் ஒரு கிராம் மருந்தை உள்ளிழுத்தார். மறுநாளே வறட்டு இருமல். மே 9ஆம் தேதி காய்ச்சலோடு, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரல் பாதிப்பு தெரிந்தது. சில நாட்களில் தீவிர சிகிச்சைப் பிரிவு, வென்டிலேட்டர். ஜூன் 2ஆம் தேதி இறந்தார்.

முதலாமவருக்கு வந்த இருமலை இப்போது படிக்கும் எவருக்கும் அது எச்சரிக்கை என்று தோன்றும். 1950களின் கட்டுரைகள் கையில் இருந்திருந்தால் அன்றைக்கே தோன்றியிருக்கும். இல்லாதபோது அது சாதாரண இருமல், அல்லது கரைசலின் அமிலத்தன்மை. முன்கூட்டிய அறிவு என்பது ஆய்வு தொடங்கும் முன் மட்டும் உதவுவது அல்ல. நடுவில் ஓர் அறிகுறி தலைகாட்டும்போது அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்வதும் அதுதான்.

விசாரணை கண்டது

பல்கலைக்கழகத்தின் உள்விசாரணைக் குழு ஜூலை நடுவில் அறிக்கை கொடுத்தது. ஹெக்ஸாமெத்தோனியம்தான் மரணத்துக்குக் காரணம், அல்லது முக்கியப் பங்கு வகித்தது என்று அது முடிவு செய்தது. ஆய்வாளர் நல்லெண்ணத்தோடு தேடினார், ஆனால் தேடிய இடங்கள் சிலவே, அவற்றில் முக்கியமான பப்மெட் 1966க்கு முன்னால் போகாது என்பதும் வெளிவந்தது.

ஜூலை 19ஆம் தேதி, மனித ஆய்வுப் பாதுகாப்புக்கான அமெரிக்க அரசு அலுவலகம், பல்கலைக்கழகத்தில் அரசு நிதியில் நடந்த மனித ஆய்வுகள் அனைத்தையும் ஏறக்குறைய நிறுத்தி வைத்தது. சுமார் 2,400 ஆய்வுகள். நாட்டிலேயே அதிக ஆய்வு நிதி பெறும் இடங்களில் ஒன்று அது. அங்கே ஒரே நாளில் எல்லாம் நின்றது பெரிய அதிர்ச்சி. சில நாட்களில், கட்டுப்பாடுகளோடு, படிப்படியாக மீண்டும் அனுமதித்தார்கள்.

அந்த அலுவலகத்தின் கடிதத்தில் ஒரு வரி நூலகர்கள் உலகத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. ஹெக்ஸாமெத்தோனியத்துக்கும் நுரையீரல் நச்சுத்தன்மைக்கும் உள்ள தொடர்பு பற்றிய வெளியீடுகளை ஆய்வாளரும் நெறிமுறைக் குழுவும் பெறத் தவறிவிட்டார்கள். வழக்கமான மெட்லைன் தேடலிலும், இணையத் தேடலிலும், சமீபத்திய நுரையீரல் நோயியல் நூல்களிலும் அது எளிதாகக் கிடைத்திருக்கும் என்று அது சொன்னது. செய்தி வெளிவந்த கையோடு மருத்துவ நூலகர்கள் தங்களுக்குள் மின்னஞ்சலில் விவாதித்துக்கொண்டே தேடிப் பழைய கட்டுரைகளை எடுத்துக் காட்டவும் செய்தார்கள்.

பழைய கட்டுரைகளை அருகில் போய்ப் பார்த்தால்

கட்டுரைகள் நான்கை எடுத்துக்கொள்வோம். 1953இல் 'சர்க்குலேஷன்' இதழில் ஒன்று, 1954இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் ஒன்று, 1955இல் கனடா மருத்துவச் சங்க இதழில் ஒன்று, 1957இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒன்று. ரத்த அழுத்தத்துக்காக இந்த மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்களில் சிலருக்கு மூச்சுத்திணறல் கூடிக்கொண்டே போய், இறந்த பிறகு பார்த்தால் நுரையீரல் திசு நாரிழைகளாகத் தடித்துப் போயிருந்தது என்பதுதான் இவற்றின் சாரம்.

இப்போது தலைப்புகளைப் பார்க்க வேண்டும். 1954, 1955ஆம் ஆண்டுக் கட்டுரைகளின் தலைப்பில் 'ஹெக்ஸாமெத்தோனியம்' என்ற சொல் இருக்கிறது. 1953ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் இருப்பது 'ஹைஃபெக்ஸ்'. ஹைட்ரலசைன் வகை மருந்தையும் ஹெக்ஸாமெத்தோனியத்தையும் சேர்த்துக் கொடுத்த சிகிச்சைக்கு அந்த டாக்டர்கள் வைத்த சுருக்கப் பெயர் அது. 1957ஆம் ஆண்டுத் தலைப்பிலோ மருந்தின் பெயரே கிடையாது. நரம்பு முடிச்சுகளை ரசாயனத்தால் நீண்ட காலம் தடுத்த பிறகு வரும் நுரையீரல் நோய் என்கிறது. ஆக நான்கில் இரண்டு, மருந்தின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் தலைப்பில் மாட்டாதவை. அந்தக் காலக் கட்டுரைகளுக்குப் பதிவில் சுருக்கமும் கிடையாது. தலைப்பு கைவிட்டால் மிச்சம் இருப்பது இன்டெக்ஸர் ஒட்டிய தலைப்புச்சொல் மட்டும்.

கட்டுரையின் வார்த்தைகளில் தேடுவதற்கும் இன்டெக்ஸில் தேடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பில் எத்தனை மணி நேரம் விளக்கினாலும் இந்த நான்கு தலைப்புகள் அளவுக்குப் புரிய வைக்க முடியாது.

1966 மட்டும்தான் காரணமா

செய்தித்தாள்களில் வந்த கதை எளிமையானது: பப்மெட் 1966இல் நின்றது, எச்சரிக்கை 1950களில் இருந்தது, அதனால் தவறிவிட்டது. இதில் உண்மை உண்டு. ஆனால் அரசு அலுவலகத்தின் கடிதம் வேறு மாதிரி சொல்கிறது. 1966க்குப் பிறகு வந்த மெட்லைன் பதிவுகள் வழியாகவே அங்கே போய்ச் சேர முடிந்திருக்கும். மருந்துகளால் வரும் நுரையீரல் நோய்களைத் தொகுத்து எழுதும் கட்டுரைகளும் நூல்களும் பழைய கட்டுரைகளை மேற்கோள் காட்டுவது வழக்கம். அப்படி ஒன்றைப் பிடித்தால் அதன் மேற்கோள் பட்டியல் 1966 என்ற கோட்டைத் தாண்டிப் பின்னால் கொண்டுபோய் விட்டுவிடும். இன்டெக்ஸுக்கு ஆண்டு எல்லை உண்டு, மேற்கோளுக்கு இல்லை.

அப்படியானால் பிடிபடாதது ஏன்? என் கணிப்பில், பதில் கேள்வியின் அமைப்பில் இருக்கிறது. 'இதை உள்ளிழுத்தவர்களுக்கு என்ன ஆயிற்று' என்பது ஒரு கேள்வி. அதற்கு 20 பேர் கிடைத்தார்கள். 'இந்த மருந்தோ, இதே வகை மருந்துகளோ, எந்த வழியில் உடலுக்குள் போனாலும் நுரையீரலை என்ன செய்கிறது' என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியைக் கேட்டவருக்கு, மாத்திரையாகவும் ஊசியாகவும் எடுத்துக்கொண்ட ரத்த அழுத்த நோயாளிகளைப் பற்றிய கட்டுரை சம்பந்தமில்லாததாகவே தோன்றும். வாய்வழி எடுத்தே நுரையீரல் கெட்டதென்றால் நேராக நுரையீரலுக்குள் செலுத்தும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும் என்பது இரண்டாம் கேள்வியைக் கேட்டவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு, அது இன்டெக்ஸின் கைக்கே எட்டாதது. 1970களின் இறுதியில் இதே மருந்தை உள்ளிழுக்கச் செய்த வேறொரு ஆய்வில் உடல்நலம் கெட்ட தன்னார்வலர்களும் இருந்தார்கள், வெளியான கட்டுரையில் அது இடம்பெறவில்லை என்று இந்த மரணத்துக்குப் பிறகு செய்திகள் வந்தன. எழுதப்படாததை எந்தத் தலைப்புச்சொல்லாலும் தேட முடியாது.

அதனால் ஆய்வாளரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தேடலைச் சரிபார்க்க வேண்டிய நெறிமுறைக் குழுவுக்கு அளவுக்கு மீறிய வேலைச்சுமை. பல திட்டங்களை முழுக் குழுவும் கூடி விவாதிக்காமலேயே அனுமதித்துவந்ததை விசாரணை கண்டித்தது. 'எங்கே தேடினீர்கள், எந்த ஆண்டு வரை தேடினீர்கள்' என்று கேட்கும் வழக்கமே அங்கு அப்போது இல்லை. வேறு பல இடங்களிலும் இருந்திருக்காது.

பின்விளைவு

பல்கலைக்கழகம் அந்தப் பெண்ணின் குடும்பத்தோடு அதே ஆண்டு இறுதிக்குள் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டது, தொகை வெளியிடப்படவில்லை. நெறிமுறைக் குழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். மருந்து சம்பந்தப்பட்ட திட்டங்களில் இலக்கியத் தேடல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வரையறை வந்தது. மருத்துவ நூலகர்களின் வாதமும் வலுத்தது: மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வின் தேடலில் அதற்கென்று பயிற்சி பெற்றவர் ஒருவர் இருக்கட்டும்.

இன்டெக்ஸ் பக்கத்தில், ஓல்ட்மெட்லைன் பதிவுகள் 2003இல் பப்மெட்டுக்குள் சேர்க்கப்பட்டன. பழைய அச்சுத் தொகுதிகளைக் கணினியில் ஏற்றும் வேலை தொடர்ந்து, இப்போது 1946 வரை பின்னால் போயிருக்கிறது. அன்றைய தலைப்புச்சொற்களை இன்றைய மெஷ் சொற்களோடு இணைக்கும் வேலையும் சிறிது சிறிதாக நடந்தது. 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்', கனடா இதழ் இரண்டின் பழைய பக்கங்களும் ஸ்கேன் செய்யப்பட்டு பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2001இல் நூலகத்தின் அடித்தளத்துக்குப் போக வேண்டியிருந்ததை இன்று செல்போனில் படிக்கலாம்.

மருத்துவச் சோதனைகளைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவுசெய்யாவிட்டால் கட்டுரையை ஏற்பதில்லை என்று முன்னணி மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 2005 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பின்னணி வேறு பல சர்ச்சைகள். ஆனால் எழுதப்படாமல் போகும் தீங்கு என்ற ஓட்டையை அடைக்கும் முயற்சி அது. இந்தியாவின் பதிவேடான சிடிஆர்ஐ 2007இல் வந்தது, 2009 ஜூனிலிருந்து கட்டாயமானது.

இன்று இதே தேடலைச் செய்வதானால்

முதலில் மருந்துக்குரிய எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொள்வேன்: உப்பு வடிவங்கள், விற்பனைப் பெயர்கள், 'சி6' போன்ற ஆய்வகப் பெயர், அது சேர்ந்த வகையின் பெயர். அப்புறம் மெஷ் தலைப்பில் 'தீய விளைவுகள்', 'நச்சுத்தன்மை' துணைச்சொற்களோடு ஒரு தேடல். நுரையீரல் நோய்கள் என்ற கிளையை முழுதாக விரித்து, நரம்பு முடிச்சுத் தடுப்பான்கள் என்ற வகையோடு சேர்த்து இன்னொரு தேடல். 1957ஆம் ஆண்டுக் கட்டுரையைப் போன்றவை இந்த இரண்டாவது வலையில்தான் விழ வாய்ப்பு அதிகம். மனிதர்கள் என்ற வடிகட்டியைப் போட்டால் எலிகளும் தவளைகளும் விலகும். ஆனால் பழைய பதிவுகளில் அந்தக் குறி எல்லாவற்றிலும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் 1966க்கு முந்தையவற்றை வடிகட்டாமல் தனியாக எடுத்துக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. எண்ணிக்கையும் அவ்வளவு அதிகம் இராது.

பப்மெட்டோடு நிறுத்தவும் கூடாது. ஐரோப்பிய இதழ்களையும் மருந்தியலையும் ஆழமாகப் பிடிக்கும் எம்பேஸ் என்ற தரவுத்தளம் உண்டு. 1946க்கும் முன்னால் போக வேண்டுமானால் பில்லிங்ஸ் காலத்து நூலகப் பட்டியல் இப்போது இணையத்தில் தேடக்கூடியதாக இருக்கிறது. கிடைத்த ஒவ்வொரு நல்ல கட்டுரையிலிருந்தும் மேற்கோள் பட்டியல் வழியாகப் பின்னாலும், அதை மேற்கோள் காட்டியவர்கள் வழியாக முன்னாலும் ஒரு சுற்றுப் போக வேண்டும். சலிப்பான வேலைதான். ஒரு முழு நாள் போகும்.

நெறிமுறைக் குழுவில் உட்காருபவர்கள் விண்ணப்பத்தில் கேட்க வேண்டியது ஒரு பத்தி போதும்: எந்தத் தரவுத்தளங்கள், ஒவ்வொன்றும் எந்த ஆண்டிலிருந்து, என்ன சொற்கள், எந்தத் தேதியில் தேடியது, யார் தேடியது. 'பப்மெட்டில் தேடினோம், ஒன்றும் இல்லை' என்ற வரியை இன்றும் விண்ணப்பங்களிலும் முதுநிலை ஆய்வேடுகளிலும் பார்க்கலாம். அந்த வரியைப் படிக்கும்போது 2001இன் 20 பேர் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

எல்லை நகர்ந்திருக்கிறதே தவிர இல்லாமல் போகவில்லை. 1946க்கு முந்தைய கட்டுரைகளில் பெரும்பகுதி பப்மெட்டில் வராது. பழைய பதிவுகளுக்கு இன்னும் சுருக்கம் இல்லை. பப்மெட்டில் இப்போது 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேல் பதிவுகள் இருக்கின்றன, ஆனால் அவை எல்லாமே மெட்லைன் பதிவுகள் அல்ல. மெட்லைனுக்கு வெளியே இருந்து வந்து சேர்ந்தவற்றுக்கு மெஷ் சொற்கள் ஒட்டப்பட்டிருக்காது, தலைப்புச்சொல்லை மட்டும் நம்பித் தேடினால் அவை விடுபடும். மெட்லைனுக்குள்ளும் 2022 முதல் தலைப்புச்சொற்களை ஒட்டுவது கணினி நிரல்தான், மனிதர்கள் ஒரு பகுதியைத்தான் சரிபார்க்கிறார்கள். 'ஹைஃபெக்ஸ்' என்று மட்டும் தலைப்பிட்டு வரும் அடுத்த கட்டுரையை அந்த நிரல் எங்கே வைக்கும் என்பதை, தலைப்புச்சொல்லோடு சாதாரணச் சொல்லையும் சேர்த்துத் தேடினால்தான் பார்க்க முடியும்.